எஸ்எஸ்டி போட்ட பழைய லேப்டாப் ஹேங் ஆகிறதா? விண்டோஸை அழிக்கும் முன் ஒரு நோட்டை எடுங்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம், முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை டிசைன். திங்கட்கிழமை மட்டும் காலை எட்டு மணிக்கே ஷட்டரைத் தூக்கிவிடுவேன். குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்க அணைக்கட்டு, ஒடுகத்தூர், கே.வி.குப்பம் பக்கத்து ஜனங்கள் முதல் பஸ் பிடித்து வந்து வாசலில் நிற்பார்கள்.

மனு அடிப்பது 2012-ல் வாங்கிய லேப்டாப்பில். அதை ஆன் பண்ணிவிட்டு வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்து வந்தாலும் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். போன பொங்கல் லீவில் 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தகடு இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்றை வாங்கி, பழைய ஹார்ட் டிஸ்கை அப்படியே குளோன், அதாவது அச்சு அசல் பிரதி, எடுத்து மாட்டினேன். புதிதாக விண்டோஸ் ஏற்றாததற்குக் காரணம் உண்டு. பாமினி, வானவில் என்று பத்து வருஷமாகச் சேர்த்த நானூறு சொச்சம் தமிழ் எழுத்துருக்கள், கூடவே பத்திரிகை வடிவமைக்கும் பேஜ்மேக்கர். அதையெல்லாம் மறுபடி ஏற்றி, பழைய பத்திரிகை ஃபைல்கள் சரியாகத் திறக்கிறதா என்று பார்த்து முடிப்பதற்குள் ஒரு முகூர்த்தமே போய்விடும்.

இருபது வினாடியில் ஆன் ஆனது. அந்தச் சந்தோஷம் திங்கட்கிழமை வரைதான்.

அணைக்கட்டு பக்கத்துப் பெரியவர் ஒருவருக்குப் பட்டா மாறுதல் மனு. பாதி அடித்தாயிற்று. "சர்வே நம்பர் சொல்லுங்க தாத்தா" என்றேன். "இரும்மா, பையில கீது" என்று மஞ்சப்பையைக் கிளற ஆரம்பித்தார். ரேஷன் கார்டு வந்தது, வெற்றிலைப் பொட்டலம் வந்தது, கடைசியில் நாலாக மடித்த காகிதம் வந்தது. அவர் நம்பரைப் படிக்க, நான் அடிக்கிறேன், திரையில் ஒன்றும் விழவில்லை. மவுஸ் அம்பு நகர்கிறது. எங்கே கிளிக் செய்தாலும் பதில் இல்லை. முன்பக்கத்தில் டிஸ்க் விளக்கு மட்டும் கண் கொட்டாமல் எரிகிறது. அரை நிமிஷம் கழித்து, அடித்த எழுத்தெல்லாம் மொத்தமாக வந்து விழுந்தது. தாத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, மிஷினும் என்னாட்டமே யோசிக்குதா?" என்றார்.

ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வது வழக்கம். அடுத்த மூன்று வாரம் என் மேசையில் வேகம் இல்லாத எஸ்எஸ்டி. கேட்டவர்கள் எல்லாம் ஒரே மருந்துதான் சொன்னார்கள்: ஃபார்மட் அடித்து புதுசா விண்டோஸ் போடு. நல்லவேளை, நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு நாள் போயிருக்கும், ஹேங் அப்படியே இருந்திருக்கும். பிறகு தெரிந்தவர்கள் லேப்டாப்பெல்லாம் இதே நோயோடு என்னிடம் வர ஆரம்பித்தது. அப்படிக் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

வேறெதற்கும் முன்னால், முக்கியமான ஃபைல்களை ஒரு பென் டிரைவிலோ பழைய டிஸ்கிலோ எடுத்து வைத்துவிடுங்கள். ஹேங் ஆகிற டிஸ்க் சும்மா முரண்டு பிடிக்கிறதா, சாகப் போகிறதா என்பது ஆரம்பத்தில் தெரியாது. குளோன் எடுத்த பழைய ஹார்ட் டிஸ்கையும் ஒரு மாதத்துக்கு அழிக்காதீர்கள்.

ஹேங் ஆகும்போது என்ன பார்க்க வேண்டும்

மனுக்கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஹேங் கணக்கும் எழுத ஆரம்பித்தேன். மணி என்ன, எத்தனை வினாடி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், சார்ஜர் மாட்டியிருந்ததா, விளக்கு எரிந்ததா. எத்தனையோ மென்பொருளை ஓட்டியதைவிட இந்த நோட்டுதான் உதவியது.

ஹேங் ஆனவுடன் பவர் பட்டனை அமுக்கிப் பிடிக்காதீர்கள். கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. விண்டோஸ் எதற்கோ காத்திருக்கிறது. கூடவே டிஸ்க் விளக்கு விடாமல் எரிந்தால், காத்திருப்பது டிஸ்க்குக்காகத்தான். இரண்டு நிமிஷம் பொறுங்கள், பெரும்பாலும் தானாக மீளும். கேப்ஸ் லாக் விளக்கும் மாறவில்லை, மவுஸ் அம்பும் செத்துப்போனது, பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் ஒரே எழுத்தில் 'ர்ர்ர்' என்று மாட்டிக்கொண்டது என்றால் அது வேறு வகை. ராம், சூடு, டிரைவர் (ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) என்று அந்தப் பக்கம் தேட வேண்டும்.

இன்னொன்று, டாஸ்க் மேனேஜரைத் திறந்தே வைத்திருங்கள். டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்து நிற்கும்போது, கீழே படிக்கும் எழுதும் வேகம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 100 சதவீதம், ஆனால் வேகம் பூஜ்யம் என்றால் டிஸ்க் வேலை செய்யவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நிற்கிறது என்று அர்த்தம். 100 சதவீதமும் இருந்து, வேகமும் ஏதோ ஓடிக்கொண்டிருந்தால் உண்மையிலேயே சுமை அதிகம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

அடுத்தது ஈவென்ட் வியூவர். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்தால் பட்டியலில் இருக்கும். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். வலது பக்கத்தில் 'ஃபில்டர் கரன்ட் லாக்' என்பதைத் தட்டி, எண் கேட்கும் கட்டத்தில் 7, 11, 129, 153 என்று காற்புள்ளி போட்டுக் கொடுங்கள். 129 என்றால், டிஸ்க் பதிலே சொல்லாததால் விண்டோஸ் பொறுத்துப் பார்த்துவிட்டு அதை ரீசெட் செய்திருக்கிறது. 153 என்றால் ஒரு கோரிக்கை தோற்று, மறுபடி அனுப்ப வேண்டி வந்தது. 7 வந்தால் டிஸ்கில் கெட்ட பகுதி; 11 வந்தால் கன்ட்ரோலரோடு, அதாவது டிஸ்கோடு பேசும் மதர்போர்டு சிப்போடு, தகராறு.

41 என்று சிவப்பில் நிறைய இருக்கும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்பதற்கான பதிவு அது. நீங்களே பவர் பட்டனை அமுக்கி அணைத்தாலும் வரும். நான் முதல் வாரம் முழுக்க இந்த 41-ஐத்தான் துரத்திக்கொண்டிருந்தேன், என் விரலை நானே தேடியது மாதிரி.

என் நோட்டையும் 129-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது நேரம் ஒத்துப்போனது. ஹேங் தொடங்கிய நேரத்தில் இல்லை, முடிந்த நேரத்தில் 129 விழுந்திருந்தது. பொறுத்துப் பார்த்து ரீசெட் செய்த பிறகுதானே எழுத முடியும். நோட்டில் இன்னொன்றும் இருந்தது. இரண்டு ஜிபி போட்டோ காப்பி ஆகும்போது ஒரு தடவைகூட ஹேங் இல்லை. யாராவது சர்வே நம்பர் தேடும்போது, அப்பா பெயருக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லும்போது, நான் டீ குடித்துவிட்டு வந்து உட்காரும்போதுதான். கரண்ட் போய் பேட்டரியில் ஓடினால் இன்னும் அதிகம். வேலை கொடுத்தால் ஓடுகிறது, சும்மா விட்டால் தூங்கிவிடுகிறது, எழுப்பினால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

தூங்கிப்போகும் சாட்டா இணைப்பு

லேப்டாப்பில் மின்சாரம் மிச்சம் பிடிக்க, டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவிலுள்ள சாட்டா இணைப்பையே வேலை இல்லாத நேரத்தில் தூங்க வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. லிங்க் பவர் மேனேஜ்மென்ட் என்று பெயர். தூங்கச் சொல்வது கன்ட்ரோலராகவும் இருக்கலாம், டிஸ்காகவும் இருக்கலாம். பழைய கன்ட்ரோலரும் புது எஸ்எஸ்டியும் எழுந்திருக்கும் முறையில் ஒத்துப்போகாவிட்டால், அந்த அரை நிமிஷ மயக்கம் வரும். ஹார்ட் டிஸ்க் இருந்தவரை வராத தொல்லை, மாற்றிய மறுநாளே வருவது இதனால்தான். டிஸ்கும் கெட்டதில்லை, லேப்டாப்பும் கெட்டதில்லை, சேர்க்கைதான் சரியில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவள் இதற்கு மேல் சொல்லக் கூடாது.

சோதித்துப் பார்க்கச் சுலபமான வழி, கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் 'ஹை பர்ஃபார்மன்ஸ்' திட்டத்தைத் தேர்வு செய்வது. காணவில்லை என்றால் 'ஷோ அடிஷனல் பிளான்ஸ்' என்பதன் அடியில் ஒளிந்திருக்கும். இதில் சாட்டா இணைப்பு தூங்காது. ஒரு நாள் முழுக்க இப்படியே ஓட்டுங்கள். ஹேங் நின்றுவிட்டால் குற்றவாளி கிடைத்தாயிற்று.

ஆனால் அதே திட்டத்தில் விட்டால் பேட்டரி சீக்கிரம் காலியாகும், விசிறியும் கத்தும். அதனால் இணைப்புக்கான அமைப்பை மட்டும் தனியாக மாற்றுவது நல்லது. விண்டோஸ் அந்த வரியை மறைத்து வைத்திருக்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம் ரிஜிஸ்ட்ரி. அதன் எடிட்டரைத் திறந்து லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், பவர், பவர் செட்டிங்ஸ் என்று வரிசையாக இறங்குங்கள். அங்கே 0012 என்று தொடங்கும் நீளமான பெயர் ஒன்று. அதற்குள் 0b2d69 என்று தொடங்குவது ஒன்று. அதைத் தட்டினால் வலது பக்கத்தில் 'ஆட்ரிப்யூட்ஸ்' இருக்கும். அதன் மதிப்பை 2 ஆக்குங்கள். வேறெதையும் தொட வேண்டாம். தொடுவதற்கு முன் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பவர் ஆப்ஷன்ஸின் மேம்பட்ட அமைப்புகளில் ஹார்ட் டிஸ்க் தலைப்பின் கீழே புதிதாக 'ஏஹெச்சிஐ லிங்க் பவர் மேனேஜ்மென்ட்' என்ற வரி வந்திருக்கும். பேட்டரி, சார்ஜர் இரண்டுக்கும் 'ஆக்டிவ்' கொடுங்கள். அதே இடத்தில் 'டர்ன் ஆஃப் ஹார்ட் டிஸ்க் ஆஃப்டர்' என்பதையும் 'நெவர்' ஆக்கிவிடுங்கள். லேப்டாப்பில் இன்டெலின் ரேபிட் ஸ்டோரேஜ் மென்பொருள் இருந்தால், அதன் பழைய பதிப்புகளில் பர்ஃபார்மன்ஸ் பகுதியில் இதே பெயரில் தனியாக ஒரு பட்டன் உண்டு. அதையும் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் இங்கே மாற்றியது அங்கே எடுபடாது.

எனக்கு இதோடு நின்றது. மறுமாதம் அதே தாத்தா இரண்டாவது மனுவோடு வந்தார். பட்டா மாறவில்லை, மஞ்சப்பையும் மாறவில்லை. சர்வே நம்பர் காகிதத்தைத் தேட இந்தத் தடவை இன்னும் நேரம் எடுத்துக்கொண்டார். படித்தார், அடித்தேன், எழுத்து விழுந்தது.

வேகம் பூஜ்யம், டிஸ்க் 100 சதவீதம்

தூங்கும் இணைப்பைச் சரி செய்தும் இது தொடர்ந்தால் இன்னொரு பழைய கதை இருக்கிறது. விண்டோஸ் 10-ல் மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்ட சிக்கல். ஏஹெச்சிஐ என்பது சாட்டா டிஸ்கோடு பேசும் ஒரு முறை. சில ஏஹெச்சிஐ கன்ட்ரோலர்களின் ஃபர்ம்வேரில் (சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளில்) இருக்கும் பிழையால், எம்எஸ்ஐ என்கிற முறையில் சமிக்ஞை அனுப்பும்போது கட்டளைகள் சரியாக முடிவதில்லை. டிவைஸ் மேனேஜரில் 'ஸ்டாண்டர்ட் சாட்டா ஏஹெச்சிஐ கன்ட்ரோலர்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதன் டீடெய்ல்ஸ் பக்கத்தில் 'டிவைஸ் இன்ஸ்டன்ஸ் பாத்' என்பதைக் குறித்துக்கொண்டு, ரிஜிஸ்ட்ரியில் அதே கரன்ட் கன்ட்ரோல் செட்டுக்குள் எனம் (Enum), பிசிஐ (PCI) வழியாக அதே பெயருக்குப் போங்கள். டிவைஸ் பாராமீட்டர்ஸ், இன்டரப்ட் மேனேஜ்மென்ட், அதற்குள் மெசேஜ் சிக்னல்டு என்று தொடங்கும் கோப்புறை. அங்கே 'எம்எஸ்ஐ சப்போர்ட்டட்' 1 என்று இருக்கும். 0 ஆக்கி ரீஸ்டார்ட். என் கைக்கு வந்ததில் ஒரே ஒரு லேப்டாப்புக்குத்தான் இது தேவைப்பட்டது. ஆனால் அதற்கு வேறு எதுவுமே கேட்கவில்லை.

டிவைஸ் மேனேஜரில் இன்டெல் பெயர் போட்ட பழைய டிரைவர் இருந்தால், 'அப்டேட் டிரைவர்' போய், கணினியில் உள்ள பட்டியலிலிருந்து நானே தேர்வு செய்கிறேன் என்ற வழியில் ஸ்டாண்டர்ட் கன்ட்ரோலருக்கு மாற்றிப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: பயாஸில் (லேப்டாப் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அமைப்பில்) சாட்டா முறை ரெய்டு என்று இருந்தால் இதைச் செய்யாதீர்கள். அடுத்த தடவை விண்டோஸ் திறக்காது.

பயாஸில் ஐடிஇ என்ற பழைய முறை இருந்தால் அதை ஏஹெச்சிஐ ஆக்குவது நல்லது. எஸ்எஸ்டி ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளை வரிசைப்படுத்தி முடிக்க அதுதான் வழி. ஆனால் நேரே போய் மாற்றினால் நீலத்திரை விழும். முதலில் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் பூட் பக்கத்தில் 'சேஃப் பூட்' டிக் செய்து ரீஸ்டார்ட். அந்த ரீஸ்டார்ட்டிலேயே பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐ ஆக்கிச் சேமிக்க வேண்டும். சேஃப் மோடில் விண்டோஸ் திறந்து தனக்கு வேண்டிய டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் முழு பாஸ்வேர்டு கேட்கலாம். பாஸ்வேர்டு மறந்துபோனவர்கள் அதைத் தேடி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

அசைத்தால் ஹேங்: மேல்விஷாரம் பாய் லேப்டாப்

தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிற பாய் ஒருவர். மேல்விஷாரத்திலிருந்து தினமும் பைக்கில் லேப்டாப்போடு போய் வருகிறவர். "மேடம், மேசையில வெச்சா ஓடுது, மடியில வெச்சா நிக்குது" என்றார். இப்படித் தெளிவாக அறிகுறி சொல்கிறவருக்குப் பாதி கூலி தள்ளுபடி செய்யலாம்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று இலவச மென்பொருள் ஒன்று உண்டு. அதில் C7 என்ற வரி, சிஆர்சி எரர் கவுன்ட். மதர்போர்டிலிருந்து டிஸ்க்குப் போகிற வழியில் தகவல் சிதைந்து மறுபடி அனுப்ப வேண்டி வந்த எண்ணிக்கை அது. வழி என்றால் கேபிளும் கனெக்டரும். கடைசிக் கட்டத்தில் 3A என்று முடிந்திருந்தது. பலர் இங்கே ஏமாறுவார்கள். அந்த எண்கள் பதினாறின் அடிப்படையில் இருக்கும், 3A என்றால் 58. மெனுவில் ரா வேல்யூஸ் என்பதைப் பத்தின் அடிப்படைக்கு மாற்றிக்கொள்ளலாம். இந்த எண்ணிக்கை ஒருபோதும் குறையாது. அதனால் எவ்வளவு இருக்கிறது என்பது முக்கியமில்லை, ஏறுகிறதா என்பதுதான். மடியில் வைத்து, கொஞ்சம் ஆட்டி, அரை மணி நேரம் ஓட்டினேன். 71 ஆகிவிட்டது.

அதே திரையில் மேலே டிரான்ஸ்ஃபர் மோடு என்ற இடத்தில் இரண்டு எண் இருக்கும்: இப்போது ஓடும் வேகம், டிஸ்க் தாங்கும் வேகம். சாட்டா/300, சாட்டா/600 என்று இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, பழைய லேப்டாப் அவ்வளவுதான் கொடுக்கும். அதற்கு வினாடிக்கு 300 எம்பி கணக்கு. ஆனால் முதல் எண் சாட்டா/150 என்று தேய்ந்து நின்றால் இணைப்பு தடுமாறுகிறது என்று சந்தேகப்படுங்கள்.

திறந்தேன். (சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து வினாடி அமுக்கிவிட்டுத்தான், ஸ்க்ரூக்களைக் கழற்றிய இடத்தின் படம் வரைந்த காகிதத்தில் அங்கங்கே வைப்பது என் பழக்கம், நீளமான ஸ்க்ரூ தவறான துளையில் போனால் போர்டைக் குத்திவிடும்.) பழைய ஹார்ட் டிஸ்கின் தடிமன் 9.5 மில்லிமீட்டர். எஸ்எஸ்டி 7. அந்த இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் டிஸ்க் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. பைக் குலுங்கும்போதெல்லாம் கனெக்டரில் ஏழு ஊசி டேட்டாவும் பதினைந்து ஊசி பவரும் சேர்ந்து தேய்ந்திருக்கின்றன. எஸ்எஸ்டி பெட்டியிலேயே ஒரு பிளாஸ்டிக் சட்டம் சில சமயம் வரும், குப்பை என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். பாயும் போட்டுவிட்டார். என் கடையில் பஞ்சமில்லாதது பத்திரிகை அட்டை. டிஸ்க் அளவுக்கு வெட்டி, இடைவெளி நிரம்பும்வரை அடுக்கி, இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டினேன்.

ஆட்டம் நின்றது, எண்ணிக்கை மட்டும் மெதுவாக ஏறிக்கொண்டே இருந்தது. மதர்போர்டிலிருந்து டிஸ்க்கு வரும் பட்டை கேபிள் மடிப்பில் வெளுத்துப்போயிருந்தது. அந்த மாடல் கேபிள் இங்கே கிடைக்கவில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வந்தது. மாற்றிய பிறகு ஒரு வாரம் பார்த்தோம், ஒன்றுகூட ஏறவில்லை.

டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேடி (டிஸ்கைத் தாங்கும் சட்டம்) ஒன்றில் எஸ்எஸ்டியை மாட்டியிருப்பவர்கள், முதல் வேலையாக அதை உண்மையான டிஸ்க் இடத்துக்கு மாற்றிப் பாருங்கள். மலிவான கேடிகளில் கனெக்டர் சுமார்தான். அதுவும் 2011 தொடக்கத்தில் வந்த லேப்டாப் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. அந்த வருஷம் ஜனவரி 31-ம் தேதி இன்டெல் தன் 6 வரிசை சிப்செட்டில் ஒரு வடிவமைப்புப் பிழை இருப்பதாக அறிவித்து, அனுப்புவதை நிறுத்தித் திருத்திய சிப்பை வெளியிட்டது. பாதிக்கப்பட்டவை 3 ஜிகாபிட் சாட்டா போர்ட்டுகள், நாளாக நாளாக மங்கிப்போகும் என்றார்கள்; முதல் இரண்டு 6 ஜிகாபிட் போர்ட்டுகளுக்குப் பாதிப்பில்லை. டிவிடி டிரைவ் பெரும்பாலும் மெதுவான போர்ட்டில்தான் இருக்கும்.

மற்றவை, சுருக்கமாக

காட்பாடிப் பையன் ஒருவன் அண்ணனுக்குக் கிடைத்த கவர்மென்ட் லேப்டாப்பைக் கொண்டுவந்தான். ராம் 2 ஜிபி. குரோமில் பத்து டேப். டாஸ்க் மேனேஜரில் மெமரி 95 சதவீதம். ராம் பத்தாதபோது விண்டோஸ் டிஸ்கையே ராம் மாதிரி பயன்படுத்தும். மலிவான எஸ்எஸ்டியில் முன்பக்கத்தில் கொஞ்சம் வேகமான இடம், அது நிரம்பிவிட்டால் பின்னால் மெதுவான இடம். நேதாஜி மார்க்கெட்டில் லாரி வந்தால் மூட்டைகளை முதலில் கடைத் திண்ணையில் இறக்குவார்கள். திண்ணை நிரம்பிவிட்டால், உள்ளே தூக்கி அடுக்கும்வரை லாரி நிற்க வேண்டியதுதான். இதற்கு வைத்தியம் ராம். வாங்கும் முன் டிடிஆர்3-ஆ, டிடிஆர்3எல்-ஆ என்று உள்ளே இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். டிஸ்கில் ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். 'டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' திறந்து, அதில் 'சாலிட் ஸ்டேட் டிரைவ்' என்று காட்டுகிறதா பார்த்து ஒரு தடவை ஆப்டிமைஸ் கொடுங்கள்.

மே மாதத்தில் மட்டும் ஹேங், அதுவும் அரை மணி நேரம் கழித்து, முழுசாக, கேப்ஸ் லாக் விளக்கும் மாறாமல் என்றால் எஸ்எஸ்டியை விட்டுவிடுங்கள். எங்கள் ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது தூசி அடைத்த விசிறி என்ன செய்யும். டிஸ்க் மாற்றும்போது விசிறியின் சின்ன வயரைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டினீர்களா என்றும் பாருங்கள். நான் ஒரு தடவை மாட்டவில்லை. இரண்டு நாள் டிரைவர் தேடினேன். ராமும் பக்கத்திலேயே இருப்பதால் கை பட்டு லேசாக எழும்பியிருக்கலாம். கழற்றி, அழுத்தி மாட்டிவிட்டு விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் ஓட்டுங்கள்.

சாகக் கிடந்த ஹார்ட் டிஸ்கிலிருந்து குளோன் எடுத்திருந்தால், கெட்ட பகுதிகளில் இருந்த ஃபைல்கள் பாழாகவே வந்து சேர்ந்திருக்கும். அப்போது மட்டும் நான் புதிதாக விண்டோஸ் ஏற்றச் சொல்வேன்.

ஃபர்ம்வேரைக் கவனிக்காமல் விடாதீர்கள். க்ரூஷியல் எம்4 என்ற எஸ்எஸ்டி 5184 மணி நேரம் ஓடி முடித்ததும் பதில் சொல்லாமல் நிற்கும். ரீஸ்டார்ட் செய்தால் ஒரு மணி நேரம் ஓடி மறுபடி நிற்கும். 2012 ஜனவரியில் அந்த நிறுவனமே 0309 என்ற ஃபர்ம்வேர் கொடுத்துச் சரிசெய்தது. யாராவது செகண்ட் ஹேண்டில் பழைய எஸ்எஸ்டி கொடுத்தால், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் ஃபர்ம்வேர் எண்ணையும் ஓடிய மணி நேரத்தையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். புதுப்பிக்கும் மென்பொருளை உற்பத்தியாளரின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள், சார்ஜர் மாட்டிக்கொண்டு, கரண்ட் போகாத நேரத்தில்.

எதுவும் கேட்காவிட்டால்

எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு, லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென் டிரைவில் லேப்டாப்பை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அப்போதும் ஹேங் ஆனால் எஸ்எஸ்டி நிரபராதி. ஆகாவிட்டால், அதே எஸ்எஸ்டியை ஒரு டெஸ்க்டாப்பில் இரண்டாவது டிஸ்காக மாட்டி, பெரிய ஃபைல்களை இங்குமங்கும் காப்பி செய்யுங்கள். அங்கேயும் 129 வந்தால் டிஸ்க்தான் கெட்டது. வாரன்டிக்குக் கொடுக்கும் முன் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ திரையையும் அந்தப் பதிவுகளையும் போட்டோ எடுத்து, பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் டிஸ்கில் வங்கி, ஆதார் சம்பந்தப்பட்ட எதுவும் விட்டுவைக்காதீர்கள்.

என் சித்தியின் 2009 லேப்டாப்பில் இரண்டு சோதனையிலும் எல்லாமே தேர்ச்சி. சேர்த்து மாட்டினால் மட்டும் ஹேங். பயாஸ் புதுப்பித்தேன், டிரைவர் மாற்றினேன், தூக்கத்தைக் கெடுத்தேன், அசையவில்லை. கடைசியில் வேறு கம்பெனி எஸ்எஸ்டி ஒன்றை என் கடையிலிருந்து கழற்றி அதில் மாட்டினேன்; அன்றே சரியானது. சித்தியின் எஸ்எஸ்டி இப்போது என் டெஸ்க்டாப்பில். தை முகூர்த்தத்துக்கான பத்திரிகை ஃபைல்கள் அதில்தான் இருக்கின்றன. இதுவரை ஒரு 129 இல்லை.